பின்னங்கால்காரர்

என் கணவருக்குக் கம்பெனியில் எல்லோரும் வைத்திருக்கும் பெயர் பின்னங்கால். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எங்களுடையது ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் கம்பெனி. நாடகத்தில் ஒரு குதிரை வரும். துணியும் பிரம்பும் வைத்துச் செய்த குதிரை, இரண்டு பேர் உள்ளே நுழைந்து ஆட வேண்டும். முன்னங்கால் இரண்டும் என் அண்ணன். பின்னங்கால் இரண்டும் என் கணவர். அவர்களை உள்ளே விட்டு, வயிற்றுப் பக்கம் கொக்கி மாட்டி மூடுவது நான். ஒரு குதிரைக்குள் ஒரு குடும்பமே குடித்தனம் நடத்துகிறது என்று முதலாளி கேலி செய்வார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார்.

இதெல்லாம் ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். முன்னால் நிற்கிறவர் பாடு பரவாயில்லை. நிமிர்ந்து நிற்கலாம். குதிரைக் கழுத்தில் வலைத்துணி வைத்துத் தைத்திருக்கிறேன், அதன் வழியாக அரங்கம் முழுக்கத் தெரியும். கையில் இருக்கிற கயிற்றை இழுத்தால் குதிரை வாயைத் திறக்கும், காதை ஆட்டும். பின்னால் இருக்கிறவர் பாடுதான் பெரும்பாடு. இடுப்பை ஒடித்துக் குனிந்து, முன்னால் இருப்பவரின் இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெற்றியை அவர் முதுகில் முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். தன் பாதமும் மேடைப் பலகையும்தான் கண்ணுக்குத் தெரியும். உள்ளே வேர்வை ஊற்றும். தானாக வெளியே வரவும் முடியாது, கொக்கிகள் வெளிப்பக்கம் இருக்கின்றன. உள்பக்கம் வைத்தால் துள்ளும்போது கழன்றுவிடும். எனக்கு முன்னால் இருந்த தையல்காரர் அப்படி வைத்து, ஒரு நாள் குதிரை மேடையில் இரண்டு துண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் நடந்ததாம். நான் வந்த பிறகு அந்தக் கதை கிடையாது.

ஆட்டம் முடிந்ததும் அண்ணன் குதிரைத் தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பார். கைதட்டல் காதைப் பிளக்கும். அத்தனை நேரமும் பின்னங்கால் குனிந்தபடியே நிற்கும். திரை விழுந்த பிறகுதான் நான் ஓடிப்போய்க் கொக்கியைக் கழற்றுவேன். இது கம்பெனி வழக்கம். ஏன் அவரையும் காட்டக் கூடாது என்று ஒரு தடவை முதலாளியிடம் கேட்டுப் பார்த்தேன். "குதிரைக்கு ஒரு மூஞ்சிதாம்மா" என்றார்.

இவர் நடிக்க வந்தவர் இல்லை. ஏதோ ஒரு ஊரில் எங்கள் வண்டியிலிருந்து திரைகளையும் பெட்டிகளையும் இறக்க வந்த கூலியாள். அன்றைக்குப் பார்த்துப் பழைய பின்னங்கால் கம்பி நீட்டிவிட்டது. ஆட்டத்துக்கு நேரம் நெருங்க நெருங்க முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பெட்டியைக் குனிந்து தூக்கிக்கொண்டிருந்த இவர் கண்ணில் பட்டார்.

"தம்பி, இப்படியே கொஞ்ச நேரம் குனிஞ்சு நிப்பியா?"

"எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டாராம் இவர்.

"இன்னிக்கு மட்டும்பா."

அந்த 'இன்னிக்கு' இன்னும் முடியவில்லை. மீசை நரைத்துவிட்டது, ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

பின்னாலேயே இருந்து இருந்து மனிதருக்கு வெளியிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. தெருவில் போனால் எனக்குப் பின்னால்தான் வருவார். கூட்டமாக இருந்தால் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வார். கடையில் நான்தான் பேச வேண்டும், பேரம் பேச வேண்டும், மிச்சத்தை எண்ணி வாங்க வேண்டும். ஆட்களை முகத்தை வைத்து அவருக்குத் தெரியாது, காலை வைத்துத்தான் தெரியும். "அந்தத் தேஞ்ச செருப்பு வந்திருந்தாரே" என்பார், யாரென்று நான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். என்னைக் கட்டிக்கொண்டதும் அப்படித்தான். நான் கொக்கி மாட்டும்போது குதிரை வயிற்றுக்குக் கீழே என் கால் மட்டும் தெரியுமாம். ஊரில் எல்லோரும் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்வார்கள். இந்தப் புண்ணியவான் என் குதிகாலைப் பார்த்துச் சொன்னார்.

கல்யாணத்தைப் பேசி முடித்ததும் குதிரைக்குள்ளேதான். இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அண்ணனும் இவரும் வெளியில் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. அண்ணன் கொஞ்சம் மிடுக்கான ஆள், இவர் வாயில்லாப் பூச்சி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்கள். ஆனால் கொக்கி மாட்டியதும் உள்ளே குசுகுசுவென்று ஆரம்பித்துவிடுவார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்கிற நிம்மதிதான் காரணமாக இருக்க வேண்டும். வெளியே ராஜா நீட்டி முழக்கி வசனம் பேசுவார், உள்ளே இவர்கள் பல்வலியைப் பற்றியும் வீட்டுச் செலவைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். "என் தங்கச்சியைக் கட்டிக்கிறியா?" என்று அண்ணன் கேட்டதும் அங்கேதான். அன்றைக்குப் பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டு குதிரை தடாலென்று விழுந்தது. சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் திரையோரம் நின்று, இந்த ஆளுக்கு நடக்கக்கூடத் துப்பில்லையே என்று திட்டிக்கொண்டிருந்தேன். விஷயம் எனக்குத் தெரிந்தது அப்புறம்தான்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் சேர்ந்தாற்போல் படித்தது கிடையாது. கம்பெனி ஒரு ஊரில் தங்கும் வரை அந்த ஊர்ப் பள்ளிக்கூடம், வண்டி கிளம்பினால் அதோடு சரி. பெருக்கல் ஒரு ஊரில் பாதி, வகுத்தல் இன்னொரு ஊரில் பாதி. ஒரு நாள் சாப்பிடும்போது, "உன் பக்கத்துல உக்காற பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டேன்.

"கேக்கலம்மா" என்றாள். "எப்படியும் போயிடுவோம்ல?"

அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தாள். அன்றிலிருந்து ராத்திரி பகல் எனக்கு ஒரே எண்ணம்தான். எங்காவது ஓரிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். பெரிய வீடெல்லாம் கேட்கவில்லை. ஒரு அறை, அதில் ஒரு ஜன்னல், காலையில் எழுந்து பார்த்தால் நேற்றுப் பார்த்ததே வெளியே இருக்க வேண்டும்.

போன மாதம் வந்து இறங்கிய ஊரில், நாங்கள் ஆடும் அரங்கத்துக்கு நேர் எதிரே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். தலைமையாசிரியை கறாரான அம்மா. முதல் நாளே என்னை ஒரு பிடி பிடித்தார்.

"நல்லா படிக்கிற பொண்ணு. இப்படி இழுத்துட்டு அலையறீங்களே, பாவமா இல்லையா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பாவமாத்தான் இருக்கு. நீங்க ஒரு வேலை போட்டுக் குடுங்க, நாளைக்கே இங்க உக்காந்துடறோம்" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான், மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மா அடுத்த வாரமே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பள்ளிக்கூட வாசலில் இருக்கும் காவல்காரர் வயதாகி மகன் வீட்டோடு போகிறாராம். அந்த வேலையை உங்கள் வீட்டுக்காரருக்குத் தருகிறேன் என்றார். வாசலைத் திறந்து மூட வேண்டும், மணி அடிக்க வேண்டும், வருகிறவர் போகிறவரை விசாரிக்க வேண்டும். கட்டடத்துக்குப் பின்னாலேயே தங்க இரண்டு அறை. மகள் படித்து முடிக்கும் வரை அதே பள்ளிக்கூடம். திங்கட்கிழமை வந்து சேர வேண்டும். கம்பெனி அடுத்த ஊருக்குக் கிளம்புவதாக இருந்ததும் அதே திங்கட்கிழமைதான்.

எங்கள் ஆட்களுக்கு நிலையான வேலை என்பது குதிரைக் கொம்பு. அது தானாக வந்து கையில் விழுந்தால் எப்படி இருக்கும்? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிவந்து இவரிடம் சொன்னேன். "சரி" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சரிதான் சொல்வார், அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேலையைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் காலை பழைய காவல்காரரோடு நிற்கச் சொன்னார்கள். சலவைச் சட்டை போட்டு அனுப்பி வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தார்.

"எப்படி இருந்தது?"

"நல்லாத்தான் இருக்கு."

"என்ன வேலை செஞ்சீங்க?"

"நின்னேன்."

"அப்புறம்?"

"நின்னுட்டே இருந்தேன்."

இவரிடமிருந்து பேச்சை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அதற்கு மேல் நானும் தோண்டவில்லை. எனக்கு வேறு கவலை இருந்தது. அண்ணனிடம் யார் சொல்வது? இவர் போய்விட்டால் குதிரை போச்சு. குதிரை போனால் அண்ணனுக்கு மேடை போச்சு. வேறு வேஷம் எதுவும் அவருக்கு வராது, குரல் கட்டை. அந்த மனிதர் எப்படி விடுவார்?

"நான் சொல்லட்டுமா அண்ணன்கிட்ட?"

"வேண்டாம், நானே சொல்றேன். உள்ள வச்சு."

"ஆட்டத்துக்கு நடுவுலயா?"

"வேற எங்க சொல்றது?"

அதுவும் நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மதிய ஆட்டம். கொக்கி மாட்டி அனுப்பினேன். குதிரை வழக்கம்போல் மேடைக்குப் போய் ராஜாவைச் சுற்றி வந்தது. எங்கள் முதலாளிதான் ராஜா. அவர் ஏறப் போவார், குதிரை நகர்ந்துவிடும். மறுபடி ஏறப் போவார், குதிரை உட்கார்ந்துவிடும். இதுதான் எப்போதும் நடக்கிற விளையாட்டு. அன்றைக்கு அவர் ஏறப் போகும் முன்பே குதிரை நின்றுவிட்டது. சும்மா நின்றது. காது ஆடவில்லை. உள்ளே பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் முன்னங்கால் திரும்பியது. மேடையை விட்டு வெளியே, நான் நிற்கும் பக்கமாக நடக்கப் பார்த்தது. பின்னங்கால் அசையவில்லை. முன்னங்கால் இழுத்தது. பின்னங்கால் பலகையில் ஆணி அடித்தது போல் நின்றது. நடுவில் வயிற்றுத் துணி இழுபட்டு இழுபட்டு நீண்டது. என் தையல் தாங்க வேண்டுமே என்று எனக்கு உயிரே இல்லை. முன்னங்கால் சுற்றி வந்து பின்னங்காலை ஓர் உதை விட்டது. பின்னங்கால் மெதுவாக மடங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டது. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. முன் வரிசையில் ஒருவர் நாற்காலியிலிருந்து நழுவியே விட்டார். முதலாளி பழம் தின்று கொட்டை போட்டவர், விடுவாரா?

"பொறுங்க மக்களே, என் குதிரையோட முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் பேச்சுவார்த்தை நடக்குது. முடிஞ்சதும் சொல்றேன்" என்றார்.

அரங்கமே அதிர்ந்தது.

எனக்கு மட்டும் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. என் கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இவர் சொல்லிவிட்டார். அண்ணன் முகம் கொடுக்காமல் கோபித்துக்கொண்டு வெளியே நடக்கிறார். பதில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று இவர் காலை ஊன்றி நிற்கிறார். இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது இந்த மனிதர் எங்களுக்காக ஓர் அடி விட்டுக்கொடுக்காமல் நின்றாரே என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

திரை விழுந்தது. கொக்கியைக் கழற்றினேன். அண்ணன் என்னைப் பார்க்காமல் போய்விட்டார். இவர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அண்ணன் என்ன சொன்னார்?"

அவர் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மறுத்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன். அதற்குள் முதலாளி கிரீடத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இத்தனை நாளா இதை எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீங்க? நாளைக்கு ரெண்டு ஆட்டம், ரெண்டுலயும் இதே சண்டை வேணும். இன்னும் ஒரு வாரம் இந்த ஊர்லயே ஆடறோம், சொல்லிட்டேன்."

எங்களுடைய வாழ்வா சாவா பிரச்சினை அவருக்கு ஒரு நல்ல வேடிக்கைக் காட்சி. அவரைச் சொல்லி என்ன பயன்? நான் நேரே அண்ணனைத் தேடிப் போனேன். அரங்கத்துக்குப் பின்னால் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"உனக்கு மனசாட்சி இருக்கா அண்ணா? உனக்குக் கைதட்டல் கிடைக்கணும்னா என் வீட்டுக்காரர் சாகற வரைக்கும் குனிஞ்சே கிடக்கணுமா? என் பொண்ணு ஊர் ஊரா நாய்க்குட்டி மாதிரி அலையணுமா? ஒரு நாளாவது அவரைத் தலை நிமிந்து நிக்க விட்டிருக்கியா?"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக்கூடாத வார்த்தையும் இருந்தது. சிறு வயதில் எனக்கு வர வேண்டிய மிட்டாயை அவர் தின்றது வரைக்கும் இழுத்தேன். அண்ணன் முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"முடிச்சிட்டியா?" என்றார்.

"இல்ல."

"சரி, முடிச்சிட்டு வா. சாப்பிடப் போறேன்" என்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பதில் சொல்ல நாக்கு எழவில்லை, பார்த்தாயா என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்டத்திலும் அதே இழுபறி. முன்னங்கால் இழுக்கிறது, பின்னங்கால் மறுக்கிறது, சனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். இரண்டாவது ஆட்டத்தில் வயிற்றுத் தையல் ஒரு முழத்துக்கு விட்டுப்போனது. விடட்டும் என்று இருந்தேன். இனி அதைத் தைக்கப் போவது நான் இல்லை. அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிட்டேன். மகளிடம், "நாளையிலிருந்து இதுதான் உன் பள்ளிக்கூடம்" என்று சொன்னேன். அவள் என்னை நம்பலாமா என்று பார்ப்பது போல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பென்சில்களை எல்லாம் எடுத்து வைத்துச் சீவினாள்.

திங்கட்கிழமை காலை ஆளைக் காணவில்லை. பெட்டி தயார், மகள் தயார், இவர் இல்லை. தேடிக்கொண்டு அரங்கத்துக்குப் போனேன். சாமான் அறையில் குதிரையை மாட்டியிருந்தோம். அதற்குக் கீழே தரையில் உட்கார்ந்து, என் ஊசியையும் நூலையும் வைத்துக்கொண்டு விட்டுப்போன தையலைப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தைக்கத் தெரியாது. துணியை அநியாயத்துக்குச் சுருக்கி வைத்திருந்தார். அண்ணன் கதவுப் பக்கம் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

"மணி என்ன ஆச்சு தெரியுமா? எழுந்திருங்க" என்றேன். அவர் நிமிரவில்லை. எனக்கு அண்ணன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னும் என்ன சொல்லி உக்கார வச்சிருக்க இவரை?"

அண்ணன் பெருமூச்சு விட்டார். "மாப்ள, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

இவர் அடுத்த தையலைப் போட்டார்.

"நான் யாரையும் பிடிச்சு வைக்கலம்மா" என்றார் அண்ணன். "அன்னிக்கு உள்ள வச்சு விஷயத்தைச் சொன்னார். எனக்குக் கஷ்டமாத்தான் இருந்தது, இல்லேங்கல. ஆனா பாப்பா படிப்பாச்சே. 'நல்ல விஷயம் மாப்ள, இப்பவே வெளிய வாங்க, முதலாளிகிட்ட நானே பேசறேன்'னு இழுத்தேன். நீதான் பாத்தியே, எந்தப் பக்கம் இழுத்தேன் நான்? உன் வீட்டுக்காரர்தான் வர மாட்டேன்னு காலை ஊனிட்டு நின்னார். நேத்து ரெண்டு ஆட்டத்துலயும் அதேதான்."

குழாயடியில் நான் பேசியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல? அவ்வளவு பேசினேனே."

"உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் எதுக்கு? என்னைத் திட்டினா மனசு ஆறும்னா திட்டிக்கோன்னு விட்டுட்டேன்."

இவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். என் காலைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். இவ்வளவு நீளமாக அவர் பேசி அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்கவில்லை.

"அந்த வாசல்ல நின்னேன். காலையில அத்தனை பேர் வர்றாங்க. எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்கறாங்க, ஏதாவது சொல்றாங்க. சிரிக்கணுமா, பதில் சொல்லணுமா, என்ன மூஞ்சி வச்சுக்கணும்னே தெரியல. ஒரு சின்னப் பையன் அவங்க அம்மாகிட்ட, 'இந்தத் தாத்தா ஏம்மா குனிஞ்சே இருக்கார்'னு கேட்டான். நான் நிமிந்துதான் நின்னுட்டிருந்தேன்."

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

"பாப்பாவுக்காகக்கூடவா முடியல?" என்று கேட்டேன்.

"முடியும்னுதான் நினைச்சேன். அதான் சரின்னு சொன்னேன். மச்சான் இழுத்தப்ப கால் வரல." ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டு, "உள்ள இருந்தா பயம் இல்ல" என்றார்.

எனக்கு அவரை நாலு அறை அறையலாம் போல் இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வந்து மகளைக் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்தேன். இத்தனை வருடமாக அண்ணன் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார் என்று நம்பி, அந்தக் கதவில் முட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கதவு திறந்தேதான் கிடந்திருக்கிறது. அந்த ஆத்திரத்தில் தெருவில் வந்த சைக்கிள்காரர் ஒருவரையும் திட்டினேன்.

மகள் தன் வகுப்புக்கு ஓடிவிட்டாள். நான் தலைமையாசிரியை அறைக்குப் போய், அவர் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். காரணம் கேட்டார். அவரால் நிற்க முடியவில்லை என்றேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? அந்த அம்மா மேசை மேல் விரலால் தட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அப்ப நீங்க வாங்களேன்" என்றார்.

"நானா?"

"வாசலைத் திறந்து மூட ஆம்பளைதான் வேணும்னு யார் சொன்னது? உங்க வாய்க்கு இந்த வேலை பொருத்தமா இருக்கும். வாங்க, வீட்டைக் காட்டறேன்."

இரண்டு அறைகளும் காலியாக, கழுவி விட்டு, சுத்தமாக இருந்தன. சுவரில் ஓர் அலமாரி. பின்னால் துணி காயப் போடக் கம்பி. ஜன்னலைத் திறந்தால் விளையாட்டு மைதானம், அதன் மூலையில் ஒரு வேப்பமரம். அந்த அம்மா சாவியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, "பாத்துட்டு வாங்க" என்று வெளியே நின்றார். நான் அறை நடுவில் நின்றேன். ஒரு கணக்கும் போட வேண்டிய தேவையே இல்லை. நானும் மகளும் இங்கே. அவரும் அண்ணனும் குதிரையோடு. மழைக்காலத்தில் கம்பெனி ஆடாது, அப்போது இங்கே வந்து தங்கலாம். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. எத்தனையோ குடும்பங்கள் அப்படி இருக்கின்றன. நான் கேட்டதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, யாரும் என்னைத் தடுக்கவில்லை.

அப்போது திரை விழுந்த பிறகு மேடை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் அண்ணனைச் சுற்றி நிற்பார்கள், முதுகில் தட்டுவார்கள். பின்னங்கால் குனிந்தபடியே இருக்கும், யாராவது வந்து திறந்து விடும் வரை. அவர் கூப்பிட மாட்டார். எவ்வளவு நேரமானாலும் வாயைத் திறந்து கூப்பிடுகிற ஆள் இல்லை. வேறு ஒருத்தி கொக்கியைக் கழற்ற வருவாள், வராமலும் போவாள். அந்தக் கால் அவருக்குப் பழக்கமில்லாத காலாக இருக்கும்.

வெளியே வந்தேன்.

"பிடிச்சிருக்கா?" என்றார் அந்த அம்மா.

"ரொம்பப் பிடிச்சிருக்குங்கம்மா" என்றேன். அது சத்தியம். அதற்கு அடுத்து என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "ஆனா சாயங்காலம் ஆட்டம் இருக்கு."

"இன்னிக்கு ஆடுங்க. நாளைக்கு வந்து சேருங்க."

"நாளைக்கும் இருக்குங்கம்மா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. இழுத்தப்ப கால் வரல என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் என்ன மாதிரி பார்த்தேன் அவரை! "நான் வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும்" என்றார் அந்த அம்மா, கோபமில்லாமல். பாருங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

போகிற வழியில்தான் மகளின் வகுப்பு. அவளைக் கூப்பிட நான் நிற்கவில்லை. கம்பெனி இன்னும் ஒரு வாரம் இங்கே இருக்கப் போகிறது, அவள் அதுவரை படிக்கலாம். சும்மா எட்டிப் பார்க்கத்தான் நின்றேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, பக்கத்துப் பெண்ணோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பியபோது வாசலில் என்னைக் கண்டாள். சிரிப்பு நின்றது. நான் கையசைக்கவில்லை. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, பென்சில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட ஆரம்பித்தாள்.